இசைத்தட்டும் இசைமதிப்பீடும்

பாடுவோரும் கேட்போரும் ஓரிடத்து ஒருங்கிருந்தாலன்றி இசையின்பம் இல்லை என்பது பழைய நிலை. 1902ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டுக்கள் இசைத்தட்டிற் பதியப்பெற்ற காலந்தொட்டு இந்தியாவில் அந்நிலை மாறலாயிற்று. மறைந்த வித்துவான்களைத் தட்டின் வாயிலாக மட்டுமே அறியும் தலைமுறைகள் தோன்றின. அவர்தம் இசையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முன்னோர் இராகத்தை விரித்துப் பாட அறியார், கீர்த்தனங்களை விரைந்து பாடி முடித்தனர் எனப் பழைய தட்டுக்களைக் கேட்போர் சிலர் கூறுவர். இக்கூற்றுப் பொருந்தாது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். பல்லவி, அநுபல்லவி, சரணம் யாவும் அதனுள் அடங்குதல் வேண்டும். அவ்விரைவு தட்டின் எல்லையால் நேர்ந்தது. பாடகரின் இயல்பால் நேர்ந்ததன்று.

அன்றியும், பழைய பதிவுகள் யாவும் சரியாக 78 சுற்றில் நிகழ்ந்தனவல்ல. 74 சுற்றிற் பதிந்ததனை 78 சுற்றில் ஒலிப்பிப்பின், சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் உயரும்; காலப்பிரமாணமும் விரையும். ஆயினும், குறை யாவற்றையும் பொறியின்மேல் ஏற்றுதலும் முறையன்று. வேகம் ஒரே அளவாய் மிகின் எல்லாச் சுரங்களும் ஒருங்கே உயருமேயன்றி ஒரு சுரம் மட்டும் தனித்துப் பிறழாது. அவ்வாறு பிறழுமாயின் அது பாடகரின் குறையே. இவ்வேறுபாட்டை உணர்தல் மதிப்பிடுவோர்க்கு இன்றியமையாதது.

எல்லை எப்போதும் இழப்பாவதில்லை. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மணிக்கணக்காக விரித்து வாசிக்கவல்ல தோடியைத் தட்டிலே சில நிமிடத்துள் அமைத்தார். ஆங்கு விரிவைத் தேடுவோர் ஏமாறுவர். காந்தாரத்தின் அசைவிலே இராகத்தின் உருவைத் தேடுவோர் நிறைவெய்துவர்.

வீணை தனம்மாள் (1867–1938) முதுமையில் வாசித்தளித்த தட்டுக்கள் பிறிதொரு வகையின. அவரது மெல்லிய மீட்டு, தட்டின் இரைச்சலோடு கலந்தே கேட்கும். இந்நாளிற் கணினியின் துணைகொண்டு அவ்விரைச்சலை முற்றும் நீக்க முயல்வோர், மீட்டின் நுண்மையையும் உடன் இழக்க நேரும். தெளிவு மிக்க பதிவே சிறந்த பதிவு எனத் துணிதல் தவறாம்.

தட்டிலுள்ள சுருக்கத்தையே மரபெனக் கொண்டு பயிலும் மாணவன் மனோதர்மத்தை இழப்பான். தட்டை முற்றாகப் புறக்கணிப்பவன் முன்னோரின் நாதத்தையே இழப்பான். ஆதலின் காலத்தின் எல்லை, பொறியின் குறை, கலைஞரின் ஆற்றல் ஆகிய மூன்றனையும் வேறு பிரித்தறிந்த பின்னரே தீர்ப்புக் கூறல் தகும். ஆசிரியர் மாணவர்க்குத் தட்டை ஒலிப்பித்துக் காட்டும்போது முதற்கண் கற்பிக்க வேண்டுவது இதுவே.