எண்ணப்படுகிறவர்களும் எண்ணுகிறவர்களும்

'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லை யார் உச்சரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. இயக்கங்களின் வாயில் அது உரிமைக் கோரிக்கை. அரசின் கோப்புக்குள் நுழைந்ததும் சடங்கு. வாருங்கள், உட்காருங்கள், வரைபடத்தைப் பாருங்கள், கையெழுத்துப் போடுங்கள். வரைந்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். 1969இல் அமெரிக்காவின் ஷெரி ஆர்ன்ஸ்டைன் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். அடியில் மக்களை ஆட்டுவித்தல், உச்சியில் மக்களின் கட்டுப்பாடு. கருத்துக் கேட்பு நாலாவது படிதான். நம்மூர்க் கூட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் சந்தேகம் வேறு. ஏணியில் கால் வைக்கும் முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. 'மக்கள்' என்று எண்ணப்படுகிறவர்கள் யார்?

தாராவியை வைத்துப் பேசலாம். திருநெல்வேலிப் பக்கம் 'பம்பாய்க்குப் போறான்' என்றால் பலருக்கும் அது தாராவிதான். தோல் பதனிடப் போனவர்களும் பிழைப்புத் தேடிப் போனவர்களும் சதுப்பைத் தூர்த்து மேடாக்கிய நிலம் அது. என் சித்தப்பா ஒருவர் அங்கே மாடியில் குடியிருந்தார். மாடி என்றால் செங்குத்தாய் ஓர் இரும்பு ஏணி, பிடிக்க ஒரு கயிறு. நான் தயங்கி நின்றபோது, 'ஏல, கீழ பாக்காத, கயித்தப் புடிச்சு ஏறு' என்றார்.

இன்றைய திட்டத்தில் அந்த ஏணிதான் எல்லைக்கோடு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதற்குப் பிறகு வந்தவர்களும் மாடிவாசிகளும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டித்தான் வீடு பெற முடியும். ஒரே சந்து, ஒரே குழாயடி. ஆனால் கீழே இருப்பவர் 'தகுதியுள்ளவர்', மேலே இருப்பவர் 'தகுதியற்றவர்'. தகுதி என்பது ஏற்கனவே இருந்து கண்டுபிடிக்கப்படுவதல்ல. அதிகாரத்தின் சொல்லாடல் அதை உற்பத்தி செய்கிறது.

பெரும்பகுதி பொதுநிலம் அது. 2004இல் மறுநிர்மாணத் திட்டம் வந்தது. 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. பம்பாயின் சேரி மறுவாழ்வு விதிகளில் 70 சதவீதக் குடியிருப்பாளர்களின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. தாராவிக்கு அது விலக்கப்பட்டது. மக்கள் 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பையே எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது எப்படிப் பங்கேற்பாகும்?

இதற்கு எதிரான ஒரு மரபும் அதே நகரத்தில் இருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்குப் போன தமிழர் ஜோக்கின் அற்புதம் வாழ்ந்த ஜனதா காலனி, அணு ஆராய்ச்சி மையத்துக்காக 1976இல் இடிக்கப்பட்டது. அந்தத் தோல்வியிலிருந்து அவரும் தோழர்களும் கற்றது, எங்களை நாங்களே எண்ணுவோம் என்பது. 1985இல் நடைபாதைவாசிகளின் கணக்கெடுப்பு 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியானது. அடுத்த ஆண்டு நடைபாதைப் பெண்களின் மகிளா மிலன் உருவானது. 2007இல் தாராவிக்காரர்கள் தெருவில் இறங்கியபோது அவர்கள் வைத்த கோரிக்கையும் இந்த மரபிலிருந்துதான் வந்தது. எங்களைச் சேர்த்துக்கொண்டு திட்டமிடு, இல்லாவிட்டால் மோதல்தான்.

எண்ணுவதே அதிகாரத்தின் தொழில்நுட்பம் அல்லவா, அரசு செய்யவேண்டிய வேவை நாமே செய்து கொடுப்பதா என்று ஃபூக்கோ படித்த நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் அப்படி நினைத்தவன்தான். பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் என்று இப்போது படுகிறது. அரசின் பட்டியல் ஆட்களைக் கழிப்பதற்கு. மக்களின் பட்டியல், கழிக்கப்பட்டவர்களின் பெயரைச் சொல்லிச் சண்டை போடுவதற்கு.

ஆனால் 'சமூகம்' என்ற ஒற்றைச் சொல்லில் நாமும் ஏமாறக் கூடாது. தாராவிக்குள் வீட்டுக்காரர் உண்டு, வாடகைக்காரர் உண்டு, பட்டறை முதலாளியும் அங்கேயே தூங்கும் தொழிலாளியும் உண்டு, சாதி உண்டு. கும்பார்வாடாக் குயவர்களுக்குச் சூளை வைக்கத் தரை வேண்டும், அடுக்குமாடி ஆகாது. இத்தனை பேருக்கும் ஒரு பிரதிநிதியை மேடையேற்றினால் அது இன்னொரு கழித்தல்தான்.

ஆகவே நம் ஊர்களில் குளத்தங்கரையோ மீனவர் குப்பமோ 'மேம்பாட்டு'க்கு வரும்போது, கூட்டத்துக்குப் போகும் நண்பர்கள் வரைபடத்தைப் பார்க்கும் முன் பட்டியலைக் கேளுங்கள். எந்தத் தேதியோடு கோடு போட்டிருக்கிறார்கள், ஏணிக்கு மேலே இருப்பவர்கள் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.