ரெய்டு கார்டு வேண்டாம்: ப்ராக்ஸ்மாக்ஸில் இசட்எஃப்எஸ்

சிறிய அலுவலகம், ஒரே ஒரு சர்வர். அதற்குள் கணக்கு மென்பொருளுக்காக ஒரு விண்டோஸ், கோப்புகளுக்காக ஒரு லினக்ஸ், சோதனைக்கென்று இன்னும் சில மெய்நிகர் இயந்திரங்கள். எல்லாம் ஒரே பெட்டியில் குடியிருக்கும்போது ஒரு ஹார்ட் டிஸ்க் போனாலே அன்றைய வேலை மொத்தமும் நின்றுவிடும். ஆகவே ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு கட்டாயம். அதற்குத் தனி கார்டு வாங்குவதா, மென்பொருளிடமே விடுவதா? ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 8-இல் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ரெய்டை அமைத்து, டிஸ்க்குகளைக் கழற்றியும் வேண்டுமென்றே கெடுத்தும் பார்த்துவிட்டேன். மென்பொருளிடமே விடலாம்.

மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் வியன்னாவிலிருந்து வருவது. டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. 2008 முதல் இருக்கிறது. சந்தா கட்டாமலும் முழுமையாகப் பயன்படுத்தலாம். நான் எடுத்துக்கொண்டது 32 ஜிபி இசிசி ராம் உள்ள ஒரு டவர் சர்வர். இயங்குதளத்துக்கு இரண்டு 480 ஜிபி எஸ்எஸ்டி, மெய்நிகர் இயந்திரங்களுக்கு நான்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே ஏற்கெனவே ஒரு ரெய்டு கார்டு இருந்தால் அதை எச்பிஏ முறைக்கு மாற்றிவிடுங்கள். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு டிஸ்க்கையும் நேரடியாகப் பார்க்க வேண்டும். நடுவில் இன்னொரு ரெய்டு உட்கார்ந்தால் இசட்எஃப்எஸ்ஸின் பலமே போய்விடும்.

நிறுவுவது எளிது. டிஸ்க் தேர்வு செய்யும் திரையில் ‘இசட்எஃப்எஸ் ரெய்டு1’ என்பதைத் தொட்டு, இரண்டு எஸ்எஸ்டியையும் காட்டினால் போதும். நான்கு ஹார்ட் டிஸ்க்குகளையும் பிறகு வலைத்திரையிலேயே, ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும் இரண்டு ஜோடிகளாக (மிர்ரர்), ரெய்டு10 ஆகச் சேர்த்தேன். 16 டிபியில் கையில் கிடைப்பது 8 டிபிதான். ஒரு டிஸ்க் அளவு இடத்தை மட்டும் பாதுகாப்புக்கு ஒதுக்கும் ரெய்டுஇசட் போட்டால் ஏறக்குறைய 12 டிபி கிடைக்குமே என்று ஆசை வரும். கோப்புக் கிடங்குக்கு அது சரி. மெய்நிகர் இயந்திரங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கும் இங்கும் எழுதிக்கொண்டே இருப்பவை. அந்த வேலையில் ரெய்டுஇசட் திணறுகிறது, மிச்சமானதாக நினைத்த இடத்திலும் ஒரு பங்கை நிரப்புத் துண்டுகளே தின்றுவிடுகின்றன.

இனி சோதனை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஹார்ட் டிஸ்க்கை உருவினேன். ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளையில், டிஸ்க்குகளின் தொகுப்பான பூல் ‘டீகிரேடட்’ என்று மாறியது. உள்ளே விண்டோஸ் எதுவும் நடக்காததுபோல் ஓடியது. அதே டிஸ்க்கைத் திரும்பச் செருகியதும், இடையில் தவறவிட்டதை மட்டும் எழுதிக்கொண்டு வரிசையில் சேர்ந்தது. புது டிஸ்க் போட்டாலும் தரவு இருக்கும் பகுதியை மட்டுமே நகலெடுக்கிறது. லினக்ஸின் பழைய எம்டி ரெய்டு, காலி இடம் உட்பட 4 டிபியையும் நகலெடுக்கும். டிஸ்க் ஒன்று குறைந்து நிற்கும் நேரம்தான் ஆபத்தானது. அது சுருங்குவது பெரிய லாபம்.

என்னை முழுதாக ஒத்துக்கொள்ள வைத்தது அடுத்த சோதனை. ஒரு மிர்ரரின் ஒரு பாதியில், பூலுக்குத் தெரியாமல், நேரடியாகக் குப்பையை எழுதினேன். டிஸ்க் சாகவில்லை, பொய் சொல்கிறது. நிஜத்திலும் இப்படி நடக்கும். பூல் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓட்டியதும் அந்த டிஸ்க்கின் நேரே செக்சம் பிழை எண்ணிக்கை ஏறியது. நல்ல பாதியிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்துவிட்டு, ‘பிழை 0’ என்று முடித்தது. எம்டி ரெய்டு1-இலும் இதையே செய்தேன். இரண்டு பாதியும் ஒத்துப்போகவில்லை என்று அதுவும் கண்டுபிடிக்கிறது. எது சரி என்று மட்டும் அதற்குத் தெரியாது. பழுதுபார்க்கச் சொன்னால் ஏதோ ஒரு பாதியை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். ப்ராக்ஸ்மாக்ஸின் நிறுவியில் எம்டி ரெய்டு இடம்பெறாததில் எனக்கு வருத்தமில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது ராம். பழைய பதிப்புகளில் இசட்எஃப்எஸ்ஸின் தற்காலிக நினைவகம் பாதி ராம் வரை எடுத்துக்கொள்ளும். 8.1 முதல் புதிதாக நிறுவினால் பத்து சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். என் சர்வரில் அது 3 ஜிபி சொச்சம். ஹார்ட் டிஸ்க் பூலுக்குப் போதாது என்று தோன்றியதால் 8 ஜிபிக்கு உயர்த்தினேன், வேகம் கண்கூடாகத் தெரிந்தது. இரண்டாவது குறை எஸ்எஸ்டி. மடிக்கணினிக்கான விலை குறைந்த எஸ்எஸ்டிகளை இதில் போடாதீர்கள். மின்வெட்டுப் பாதுகாப்பு இல்லாதவை உடனுக்குடன் எழுதி முடிக்க வேண்டிய வேலையில் தவழ்கின்றன, சீக்கிரம் தேய்ந்தும் போகின்றன.

மூன்றாவதுதான் உண்மையான மனக்குறை. கெட்ட டிஸ்க்கை மாற்ற வலைத்திரையில் பொத்தான் இல்லை. பூட் டிஸ்க்கை மாற்றும்போது வேலை இன்னும் கூடும். நல்ல டிஸ்க்கின் பகிர்வு அமைப்பைப் புதியதற்கு நகலெடுத்து, மூன்றாம் பகிர்வைப் பூலில் சேர்த்து, இரண்டாம் பகிர்வை ‘ப்ராக்ஸ்மாக்ஸ் பூட் டூல்’ கொண்டு தயார்செய்ய வேண்டும். கடைசிப் படியை விட்டாலும் பூல் ‘ஆன்லைன்’ என்றே காட்டும். மிஞ்சிய பழைய டிஸ்க்கும் ஒருநாள் போகும்போது, தரவு பத்திரமாக இருந்தும் சர்வர் கிளம்பாது. இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் இதற்கும் ஒரு பொத்தான் வைக்க வேண்டும்.

தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு திருப்பித் தராது. பேக்கப் தனியாக வேண்டும். டிஸ்க் விழுந்தால் மின்னஞ்சல் வரும், அதை வெளியே அனுப்பும் வழியை நீங்கள் அமைத்திருந்தால். அதை முதல் நாளே சரிபாருங்கள். மெய்நிகர் இயந்திரங்களை ஏற்றுவதற்கு முன்பே பூட் டிஸ்க் ஒன்றைக் கழற்றி, மேற்சொன்ன படிகளைத் தாளில் எழுதிவைத்து, ஒருமுறை முழுதாக மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.