வேலை கிடைக்காதவனும் வேலை போனவனும்

போன மாசம் எருமப்பட்டி வீட்டில் அம்மாவோடு உக்காந்து ‘வேலையில்லா பட்டதாரி’யை மறுபடியும் பார்த்தேன். 2014ல் சென்னையில் நண்பர்களோடு விசிலடித்துப் பார்த்த படம். இந்தத் தடவை பாதியிலேயே எழுந்து திண்ணைக்கு வந்துட்டேன். எனக்கு வேலை போய் அப்போ மூணு மாசம். அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி, தினமும் காலை ஒன்பதுக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்து உக்காந்திருந்தேன்.

ஏன் எழுந்தேன்னு யோசிச்சதில் வந்த குறிப்பு இது. நம்ம சினிமாவுக்கு வேலை கிடைக்காதவனை நல்லாத் தெரியும். வேலை போனவனைத் தெரியாது.

ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்கலாம். வேல்ராஜ் இயக்கிய படத்தில் தனுஷின் ரகுவரன், படிச்ச சிவில் வேலைதான் வேணும்னு காத்திருக்கிறான். அப்பா திட்டுகிறார், ஆனால் மறைக்க அவனிடம் எதுவும் இல்லை. இனிமேல்தான் ஜெயிக்கணும். வேலை போனவன் ஒருமுறை ஜெயிச்சு முடிச்சவன். ஊர் பாராட்டியாச்சு, கடன் வாங்கியாச்சு, மாசத் தவணை ஓடுது. அவனுக்கு வில்லன் கிடையாது, ஒரு மின்னஞ்சல்தான்.

இன்னொன்றும் உறுத்தியது. படத்தில் அம்மா இறந்து, அவரது நுரையீரலைப் பெற்ற பெண்ணின் அப்பா வழியாகத்தான் மகனுக்கு வேலை வருகிறது. பிரச்சினையைத் தீர்க்க அம்மாவைக் கொல்ல வேண்டியிருக்கு.

படம் வந்தது ஜூலையில். அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. 2006ல் தொடங்கிய ஆலை. வரி வழக்கால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் தனித்து நின்று, ஆர்டர் நின்றதும் மூடப்பட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். பலர் இளம்பெண்கள். இருபது வயசுகளில் ‘ஓய்வு’! ஊர் திரும்பி வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்தக் கதையைச் சொன்ன படம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற ஊரில் ஒரே ஆலை மூடப்பட்டபோது மரீ யஹோதாவும் அவரது சகாக்களும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். 1933ல் நூலாக வந்தது. கையில் நேரம் கூடியும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடை பெண்களைவிட மெதுவாகியிருந்தது. பெண்களுக்கு வீட்டு வேலை போகலையே! இதைப் படித்த அன்று சாயங்காலம் பால் வாங்கப் போகையில் என் நடையை நானே கவனித்தேன். பால் கடைக்குப் போக அவ்வளவு நேரம் ஆகாது.

இந்த மறைப்பை நம்ம சினிமா ஒரே ஒருமுறை சரியாகப் பிடித்ததாக நினைக்கிறேன். பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’, 1980. அதிலும் வேலை கிடைக்காதவர்கள்தான். ஆனால் டெல்லியில் பட்டினி கிடக்கும் நண்பர்கள், தேவிக்குத் தெரியக்கூடாதென்று, வெறும் தட்டை வைத்துக்கொண்டு விருந்து சாப்பிடுவதுபோல நடிப்பார்கள். அவள் பார்த்துவிடுவாள். சிரிப்பாக ஆரம்பித்து தொண்டையை அடைக்கும் காட்சி. பசியைவிட நடிப்புதான் அவர்களை அதிகம் களைக்க வைக்கிறது. ஒன்பது மணிக்கு நான் திறந்து வைத்த லேப்டாப்பும் அந்தத் தட்டுதான்.

திண்ணையில் உக்காந்திருந்த அன்னிக்கே அம்மாவிடம் சொல்லிட்டேன். அம்மா டீவி சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னாங்க: “தெரியும் சாமி. வேலை பாக்கறவனுக்கு மூணு மாசமா ஒரு போன்கூடவா வராது?”

மீதிப் படத்தை ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்து முடிச்சோம்.