பண்டங்களைச் சோதித்த இதழ்கள்

கடையில் வாங்கும் பண்டத்தின் தரத்தை நமக்குச் சொல்பவர் யார்? பெரும்பாலும் அதை விற்பவரே. வாதியே தீர்ப்பும் எழுதுவது போன்றது இது.

இந்நிலையை மாற்ற முயன்ற இதழ்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு மே மாதம் தோன்றி, 1942இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' எனப் பெயர் பெற்றது. மற்றொன்று, இங்கிலாந்தில் மைக்கேல் யங் முன்னின்று 1957 அக்டோபரில் வெளிக்கொணர்ந்த 'விச்'. இரண்டும் விளம்பரங்களை ஏற்கவில்லை. பொருள்களைக் கடையில் விலை கொடுத்து வாங்கியே சோதித்தன. உற்பத்தியாளர் அனுப்பும் மாதிரி பொறுக்கி எடுத்ததாக இருக்கலாம் அல்லவா?

அமெரிக்க இதழ் முதலில் எடுத்துக்கொண்டவை பால், சோப்பு, காலுறை போன்றவை. 'விச்' மின்சாரக் கெட்டில், ஆஸ்பிரின், கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றுடன் தொடங்கியது. அன்றாடப் பொருள்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது இவற்றின் பெருந்தொண்டு எனலாம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இவை பல அளவீடுகளைச் செய்துவிட்டு, 'வாங்கச் சிறந்தது' என்று ஒரே பட்டத்தில் முடித்தன. ஒரு கெட்டிலில் நீர் விரைவில் கொதிக்கிறது. மற்றொன்றின் கைப்பிடி சுடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எது சிறந்தது? கொதிக்கும் நேரத்தையும் கைப்பிடியின் வெப்பத்தையும் கருவிகள் அளக்கும். எதற்கு முதலிடம் என்பதைக் கருவி சொல்லாது. அது சோதிப்பவரின் விருப்பம். குழந்தைகள் உள்ள வீட்டார் வேறு விதமாக முடிவு செய்யக்கூடும்.

அளவீடும் தவறலாம். 2007 ஜனவரியில் அதே அமெரிக்க இதழ், கைக்குழந்தைகளுக்கான கார் இருக்கைகளைச் சோதித்து, பெரும்பாலானவை தேறவில்லை என்று அறிவித்தது. பெற்றோர் அஞ்சினர். பக்கவாட்டு மோதலின் வேகம் மணிக்கு 38 மைல் என அறிக்கை கூறியது. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்தபோது, அம்மோதல் 70 மைலுக்கும் மேற்பட்ட வேகத்துக்கு ஒப்பானது எனத் தெரிந்தது. இதழ் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. வேகத்தைக் குறிப்பிடாமல் 'தேறவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், இப்பிழையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்திருக்காது.

எனவே, எந்தச் சோதனை அறிக்கையிலும் பட்டத்தைப் பார்க்கும் முன் மூன்றைத் தேடுங்கள்: செலவு யாருடையது, பொருள் எங்கே வாங்கப்பட்டது, எந்த நிலையில் அளக்கப்பட்டது. இவற்றைச் சொல்லாத அறிக்கையை விளம்பரத்துக்கு மேலாக மதிக்க வேண்டியதில்லை.