கறுப்பின் மேல் கறுப்பு எழுத்து

தமிழ்நாட்டில் ஏராளமாக அச்சாகி, ஏறக்குறைய யாருமே படிக்காத எழுத்து எது? பட்ஜெட் உரையா, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் காகிதமா என்று யோசிக்காதீர்கள். கார் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துதான் அது. அரக்கோணம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நம் மாநிலத்தில் டயர் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கில் வெளிவருகிறது, வாசகர்தான் இல்லை. இந்த வாரம் அந்த நூலுக்கு ஒரு விமர்சனம்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக வருவது தோல் பூமி. ஆம்பூர் என்றால் நமக்கு பிரியாணி. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஷூ. ஷூ தொழிலில் 'லாஸ்ட்' என்று ஒரு கால் அச்சு உண்டு. அதன் மேல்தான் தோலை இழுத்து ஷூவாக்குகிறார்கள். பிரிட்டிஷ் அளவில் அரை சைஸ் வித்தியாசம் என்பது 4 மில்லி மீட்டர் சொச்சம். அந்தச் சொச்சம் தப்பினால் ஷூ கடிக்கும். அளவு மட்டுமில்லை. தோலில் ஆறாம் இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் ஐரோப்பிய யூனியனில் விற்கலாம் என்பது 2015-லிருந்து சட்டம். ஆக, இந்த ஊர்க்காரர்களுக்கு மில்லி மீட்டரையும் மில்லிகிராமையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் டயர் கடை வாசலில் மட்டும் அங்கேயும் நம் ஊர் வசனம்தான்: "பாய், கொஞ்சம் அகலமா ஏதாவது போடுங்க. வண்டி நிக்கிறதே கம்பீரமா இருக்கணும்."

செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவதா என்று பழமொழி வைத்திருக்கும் நாம், காருக்கு அதைத்தான் செய்கிறோம்.

சரி, நூலைப் பிரிப்போம். ஸ்விஃப்ட், எர்டிகா போன்ற கார்களில் பரவலாகக் காணப்படும் வரி: 185/65 ஆர் 15 88 எச். 185 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 65 என்பது பக்கவாட்டின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று அர்த்தம். ஓட்டச் சொல்லி அர்த்தமில்லை.

நடை கரடுமுரடு என்பது முதல் குற்றச்சாட்டு. ஒரே வரியில் மில்லி மீட்டர், சதவீதம், அங்குலம், சங்கேத எண், ஆங்கில எழுத்து. இதற்கு நம் பத்திர எழுத்தர்கள் எவ்வளவோ தேவலை. ஆனால் விஷயம் கனமானது. கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. வருகிறது. உங்கள் ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கணக்கிடுவது இந்த விட்டத்தை நம்பித்தான்.

இதைக் கழற்றிவிட்டு, கம்பீரத்துக்காக 205/65 ஆர் 15 போட்டால் விட்டம் 647.5 ஆகிவிடும். நாலு சதவீதத்துக்கு மேல் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட நாலு கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவை குறையும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசினாலும் உரசும்.

அப்படியானால் பெரிசு பண்ணவே கூடாதா? பண்ணலாம். 195/55 ஆர் 16 போட்டால் விட்டம் 620.9. சக்கரம் ஓர் அங்குலம் பெரிசாகிறது, பக்கவாட்டு ரப்பர் குள்ளமாகிறது, மொத்தம் அப்படியே நிற்கிறது. வளைவுகளில் வண்டி கொஞ்சம் கெட்டியாகத் திரும்பும். விலை என்னவென்றால் குழியில் விழும்போது அடி ரப்பருக்குப் போகாமல் ரிம்முக்கும் உங்கள் முதுகுக்கும் போகும். தாங்கும் எடைக் குறியீடு மட்டும் பழையதைவிடக் குறையவே கூடாது. குடும்பம், மூட்டை முடிச்சு எல்லாம் அந்த எண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அலாய் வீல் வாங்குகிறவர்கள் பளபளப்பையும், எத்தனை ஆரம் என்பதையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு மூன்று. போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்: 100 மி.மீ. வேண்டிய இடத்தில் 108 பொருந்தாது. நடு ஓட்டை: ஹப்பில் கச்சிதமாக உட்காரவில்லையென்றால் ஸ்டியரிங் நடுங்கும், பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சரிக்கட்டலாம். மூன்றாவது, ஆஃப்செட்: சக்கரம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பது. வெளியே துருத்தினால் பார்க்க ஜோர், பேரிங்குக்குப் பாரம். மாட்டும்போது நட்டுகளை வட்டமாகச் சுற்றி வராமல் எதிரெதிராக முடுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதுசு பின்னால். முன்னால் வழுக்கினால் கொஞ்சமாவது சமாளிக்கலாம். பின்னால் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

நூலின் மிக முக்கியமான பகுதி ஒரு நீள்வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் நாலு எண்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம், 23-வது வாரம் பிறந்த டயர். 2000-க்கு முன்னால் மூன்று எண்தான். எந்தப் பத்தாண்டு என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். இப்போது நாலு. ஆனால் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் உள்புறமாக மாட்டப்பட்டுவிட்டால், வயதைப் பார்க்க நீங்கள் காருக்கு அடியில் படுக்க வேண்டும். இது நூலின் மன்னிக்க முடியாத குறை.

ஏன் வயது முக்கியம்? ரப்பர் ஓடினால் தேயும். ஓடாமல் நின்றாலும் கெட்டிப்படும், வெடிக்கும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் கீழே போனால் மாற்று என்று சட்டம் சொல்கிறது. பள்ளம் நிறைய இருக்கிற கிழ டயருக்கு அந்த விதி ஒன்றும் சொல்லாது. ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013-ல் இறந்த விபத்தில் முதல் காரணம் வேகம் என்றது விசாரணை. கூடவே சொன்ன இன்னொரு விஷயம், அந்த போர்ஷே காரின் டயர்களுக்கு வயது ஒன்பதுக்கு மேல். உலகின் விலை உயர்ந்த கார்களில் ஒன்றுக்கே இந்தக் கதி.

நம் வீட்டில் அந்தக் கிழவர் டிக்கியில் படுத்திருக்கிறார். 'ஸ்டெப்னி' என்ற சொல், 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டு ஸ்டெப்னி தெருக் கடையிலிருந்து கிளம்பி நம் மெக்கானிக்குகளின் வாயில் நிலைத்துவிட்டது. எட்டு வருஷம் வெளியே வராத ஸ்டெப்னி புதுசு போலவே இருக்கும். அதை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறில் போவோம். பாலிஷ் போட்ட பழைய டயரும் அப்படித்தான். பாலிஷால் தோலின் வயது குறையாது என்பது ஆம்பூரில் எல்லாருக்கும் தெரியும், ரப்பருக்கும் அதேதான். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷாவருஷம் சோதனை, பத்து தாண்டினால் மறு பேச்சின்றிக் கழற்று என்கிறார்கள் டயர்க்காரர்களே.

இன்னொரு குறை, காற்று. டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் அதிகபட்ச அழுத்தம். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. இரண்டு புத்தகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2000-ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. 270 பேருக்கு மேல் இறந்த அந்த விவகாரத்தில் டயரில் குறை என்று முடிவானது. ஆனால் ஃபோர்டு சொன்ன 26 பவுண்டு காற்று சரியா, 30 வேண்டுமா என்று இரண்டு கம்பெனிகளும் மல்லுக்கு நின்றன. காற்று குறைந்தால் டயர் மடங்கி மடங்கி நிமிரும், சூடாகும். நாலு பவுண்டு அவ்வளவு பெரிய சண்டைக்குக் காரணம் அதுதான்.

டயர் விளம்பரங்கள் இதில் எதையும் சொல்வதில்லை. சச்சின் பேட்டில் ஒட்டியிருந்த மூன்று எழுத்தை மனப்பாடம் செய்த தேசம் இது. டயரில் இருக்கும் நாலு எண்ணை வாசிக்க யாரும் கற்றுத்தரவில்லை. ஆதலால் தீர்ப்பு: நடை மோசம், அச்சு படுமோசம், கறுப்பின் மேல் கறுப்பு. உள்ளடக்கம் மட்டும் உயிர் காக்கும் ரகம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது செல்போன் டார்ச்சை அடித்து, "எந்த வாரம், எந்த வருஷம்?" என்று கேளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஷூ சரியில்லை என்றால் நாலே அடியில் கால் சொல்லிவிடும். டயர் வாய் திறந்து சொல்லாது. எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.