அறத்தொடு நிற்கும் துப்பறிவாளர்: அம்பையின் சுதா குப்தா கதைகள்

முன்னுரை

தமிழில் துப்பறியும் புனைகதைக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' (1894) தொடங்கி, ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரால் வளர்ந்து, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் எனப் பெருகிய இவ்வகைமையைத் திறனாய்வுலகம் பெரும்பாலும் பொழுதுபோக்கு எழுத்தென்றே ஒதுக்கி வந்துள்ளது. இதனால் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) என்னும் தொகுப்பிலுள்ள மூன்று துப்பறியும் கதைகளை, தீவிர எழுத்தாளர் ஒருவரின் இளைப்பாறல் என்று கடந்துசெல்ல வாய்ப்புண்டு. அக்கருத்துப் பொருந்தாது என்பதையும், இக்கதைகளில் துப்பறிதல் என்பது உண்மையை எவரிடம், எப்பொழுது, எவ்வாறு உரைப்பது என்னும் அறவினாவாக மாறுகிறது என்பதையும் நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

எழுத்தாளரும் வகைமையும்

1944இல் கோயம்புத்தூரில் பிறந்த சி. எஸ். லக்ஷ்மி, இளம்பருவத்தில் எழுதிய முதல் நூலாகிய 'நந்திமலைச் சாரலிலே' சிறுவர்க்கான துப்பறியும் புதினமே ஆகும். 'சிறகுகள் முறியும்' (1976), 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (1988) ஆகிய தொகுப்புகளால் அறியப்பட்ட பின்னர் அவர் இவ்வகைமைக்குத் திரும்பியிருக்கிறார். எனவே இதனைத் திசைமாற்றம் என்பதைவிட மீட்சி என்பதே பொருந்தும். 1988இல் மும்பையில் அவர் பங்கேற்று உருவாக்கிய 'ஸ்பாரோ' என்னும் பெண்கள் ஆவணக் காப்பகம், பெண்களின் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி வருகிறது. கேட்டலையே பணியாகக் கொண்ட ஒருவர், கேட்டலையே தொழிலாகக் கொண்ட துப்பறிவாளரைப் படைத்திருப்பதில் வியப்பில்லை.

புத்தகக் கடையும் மேம்பாலமும்

வன்முறை பெரிதும் திரைக்குப் பின்னால் நிகழ, அறிமுகமான சிற்றூரில் சாதாரணப் பெண்ணொருத்தி புதிரை அவிழ்க்கும் கதைவகை ஆங்கிலத்தில் புகழ்பெற்றது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் (முதல் புதினம் 1930) இதற்குத் தலைசிறந்த சான்று. இன்று இவ்வகைக் கதைகளில் சிறுநகரப் புத்தகக் கடை விருப்பமான களமாக உள்ளது. அங்கு வருவோர் அனைவரும் அறிந்த முகங்கள். குற்றவாளி நீங்கியதும் ஊர் பழைய அமைதிக்குத் திரும்பிவிடும்.

சுதா குப்தாவும் அன்றாட வாழ்வின் நுட்பங்களை வாசித்தே உண்மையை அணுகுகிறார். ஆயின் அவருடைய களம் மூடப்பட்ட ஊரன்று. மும்பைத் தமிழரின் வரலாறு தாராவியின் தோல் தொழிலோடும், மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் நடுத்தர வர்க்க வாழ்வோடும் பிணைந்தது. நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986) வேலைதேடி இந்நகருக்கு வரும் தமிழ் இளைஞனின் அலைதலைச் சொல்கிறது. அம்பை இவ்வட்டங்களுக்கு வெளியே, பல மொழிகள் கலக்கும் மேற்குப் புறநகரின் தொடர்வண்டி நிலைய மேம்பாலத்தைத் தலைப்பிலேயே நிறுத்துகிறார். துப்பறிவாளரின் பெயரிலும் தமிழ் அடையாளம் முன்னிற்கவில்லை. புத்தகக் கடை அறிந்தோர் கூடுமிடம். மேம்பாலமோ அறியாதோர் ஒருவரையொருவர் கடந்துசெல்லுமிடம். அவ்வாறு கடந்துசெல்லாமல் நின்று பார்ப்பதே இங்குத் துப்பறிதலின் தொடக்கமாகிறது.

அறத்தொடு நிற்றல்

இக்கதைகளை விளங்கிக்கொள்ள அகமரபின் 'அறத்தொடு நிற்றல்' துணைசெய்கிறது. களவொழுக்கத்தால் மெலிந்த தலைவியைக் கண்ட தாய், கட்டுவிச்சியை வினவுகிறாள்; வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். தடயங்கள் கண்முன் இருந்தும் தவறாகவே வாசிக்கப்படுகின்றன. உண்மையறிந்த தோழி, தலைவியின் நலங்கருதித் தக்க பொழுதில் செவிலிக்கு அதனை வெளிப்படுத்துகிறாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் இவ்வொரு துறையையே விரித்துரைக்கிறது. இதற்கு மறுதலையாகச் சிலப்பதிகாரத்தில் பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றுக் கோவலனைக் கொல்விக்கிறான். ஆராயாத அதிகாரத்தின் முன் சிலம்பை உடைத்துச் சான்றுகாட்டும் பொறுப்பு கண்ணகியின்மேல் விழுகிறது.

சுதா குப்தாவை இத்தோழி மரபில் வைத்து நோக்கலாம். காவல்துறை நண்பர் கோவிந்த் ஷெல்கே, உதவியாளர் ஸ்டெல்லா ஆகியோர் துணையிருப்பினும், குற்றவாளியை ஒப்படைப்பதோடு அவர் பணி முடிவதில்லை. வெளிப்பட்ட உண்மையோடு பாதிக்கப்பட்டவர் எவ்வாறு வாழப்போகிறார் என்பதே கதையின் கவலை. காணாமற்போன சிறுமியரைத் தேடும் 'மைமல் பொழுது' கதையில், சிறுமியர் எங்கே என்னும் வினாவைவிட அவர்கள் ஏன் மறைந்தனர் என்னும் வினாவே கனமுடையது.

எனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சங்கத் தோழி உரைக்கும் உண்மை, தலைவியைக் கற்புவாழ்வின் வழியாகக் குடும்பத்திற்குள்ளேயே சேர்க்கிறது. அம்பையின் கதைகளில் விசாரணைக்கு உள்ளாவது குடும்பமே. ஆகவே பழைய அமைதிக்குத் திரும்பும் வழி இங்கு அடைபட்டுவிடுகிறது.

குறைகள்

வகைமையின் அளவுகோலால் நோக்கின் சில குறைகளும் புலப்படுகின்றன. தடயங்களைச் சமமாகப் பெற்றுப் புதிரைத் தானும் அவிழ்க்க முயலும் வாசகருக்கு இக்கதைகள் போதிய வாய்ப்பளிப்பதில்லை. துப்பறிவாளரின் பரிவு சில இடங்களில் அவருடைய ஐயத்தை முந்திவிடுகிறது. தாராவி போன்ற உழைப்பாளர் பகுதிகளின் வாழ்வு இவ்வகைமைக்குள் இன்னும் முழுமையாக நுழையவில்லை என்பதும் எண்ணத்தக்கது. அப்பணி பின்வரும் எழுத்தாளர்களுக்கு உரியதாக எஞ்சி நிற்கிறது.

முடிவுரை

அம்பைக்கு 2021ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்தது 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' என்னும் சிறுகதைத் தொகுப்பாகும். விருதுபெற்ற கதைகள் வகுப்பறைக்குள்ளும் துப்பறியும் கதைகள் அதற்கு வெளியிலும் நிறுத்தப்படுமாயின், அவருடைய எழுத்தின் ஒரு பாதி வாசிக்கப்படாமலே போகும். வகைமையின் பெயரால் எழுப்பப்பட்ட இவ்வேலி தமிழ்த் திறனாய்வு தானே இட்டுக்கொண்டது. துப்பறியும் கதையையும் அகமரபையும் ஒருங்கு வைத்து ஆராயும் முயற்சிகள் பெருகுமாயின், வை. மு. கோதைநாயகி அம்மாள் முதலாக மர்மத்தைக் கையாண்ட பெண் எழுத்தாளர்களையும் புதிய நோக்கில் மதிப்பிட இயலும்.