இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பமும் நம்பிக்கையும்: இரட்சணிய சரிதப் படலத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

எச்.ஏ.கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவியது. எனினும் மூலநூல் விரித்துரைக்காத கிறித்துவின் பாடுகளைக் காப்பியத்தின் நடுவே விரிவாகப் பாடுகிறது. இச்சேர்க்கை பக்தி மிகுதியால் நேர்ந்த விலகல் அன்று. துன்பத்திலிருந்து நம்பிக்கை பிறக்கும் முறையைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் நிறுவ மேற்கொண்ட முயற்சி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருட்டிணபிள்ளை, உருவகக் காப்பியம், ஊழ், பொறுமை, நம்பிக்கை.

முன்னுரை

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருட்டிணபிள்ளை, 1858இல் கிறித்தவம் தழுவினார். பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்னும் ஐந்து பெரும் பிரிவுகளில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது இந்நூல். ஆசிரியரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றுவது வழக்கம். இப்பட்டம் நூலின் நடைவளத்தைச் சுட்டுகிறது. ஆயின் கம்பனிடமிருந்து அது வேறுபடும் இடத்தை மறைத்தும் விடுகிறது.

மூலமும் தழுவலும்

பனியனின் நூல் 1678இல் வெளிவந்தது. சமயக் கொள்கையின் பொருட்டு நெடுங்காலம் சிறையில் கிடந்தவர் அவர். அவருடைய பயணி முதுகிற் சுமந்த பாவச்சுமை சிலுவையின் முன் தானே கழன்று, கீழேயுள்ள கல்லறையுள் விழுந்து மறைகிறது. பின் அவனுக்குப் புத்தாடை அளிக்கப்படுகிறது. பனியன் இந்நிகழ்ச்சியைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். சிலுவையில் நிகழ்ந்தது என்ன என்பதை அவருடைய வாசகர் விவிலியத்தின் வழி முன்பே அறிந்திருந்தனர்.

கிருட்டிணபிள்ளையின் தமிழ் வாசகர் அனைவருக்கும் அத்தகைய அறிமுகம் இருந்திருக்க இயலாது. சுமை கழல்வதை மட்டும் கூறியிருந்தால் அது காரணமற்ற அற்புதமாகவே நின்றிருக்கும். ஆகவே குமார பருவத்தில் இயேசுவின் வரலாற்றை விரித்து, இரட்சணிய சரிதப் படலத்தில் விசாரணையையும் ஏளனத்தையும் சிலுவைப்பாட்டையும் காட்சிகளாக்குகிறார். இதனால் கதையோட்டம் தடைப்படுகிறது என்பது உண்மையே. உருவக மாந்தர் இயங்கும் உலகினுள் வரலாற்று மாந்தராகிய பிலாத்து நுழைவது வடிவ ஒருமையையும் குலைக்கிறது. எனினும் இவ்விழப்பு பயனற்றதன்று. பயணியின் புதுவாழ்வுக்குரிய விலை இங்கேதான் புலப்படுகிறது.

ஊழும் ஏற்பும்

தமிழ்க் காப்பியங்களில் துன்பத்துக்குக் காரணம் கூறும் மரபு உண்டு. ஊழ்வினை தவறாது வந்து பயனூட்டும் என்பது சிலப்பதிகாரம் நிறுவ முனையும் மூன்று உண்மைகளுள் ஒன்று. கோவலனின் கொலைக்கு முற்பிறப்பு நிகழ்ச்சி காரணமாகக் கூறப்படுகிறது. இங்குத் துன்பம் அதனை அடைவோரின் வினையோடு பிணைக்கப்பட்டுள்ளது.

இரட்சணிய சரிதப் படலம் இப்பிணைப்பை அறுக்கிறது. குற்றமற்றவர் கட்டுண்டு நிற்கிறார். அவரைக் கட்டியது பகைவரின் கயிறு எனக் கருத வேண்டா, மாந்தர்மீது கொண்ட அன்பே எனக் கொள்க என்னும் கருத்தைக் கவிஞர் அங்கு முன்வைக்கிறார். கயிறு புறத்தே காணும் காரணம். அன்பு அகத்தே நிற்கும் காரணம். வினைப்பயனாக வந்து சேரும் துன்பம், பிறர்பொருட்டு விரும்பி ஏற்கும் துன்பமாக இங்கே மாறுகிறது. முன்னதன் முடிவு வினை தீர்தல். பின்னதன் முடிவு பிறர் உய்தல். நம்பிக்கைக்கு இடம் பிறப்பது இவ்வேறுபாட்டில்தான்.

இயற்கையின் அமைதி

கம்பனில் இராமன் நாடு நீங்கும்போது ஆவும் கன்றும் பூவும் புள்ளும் அழுகின்றன. மாந்தர் துயரில் இயற்கை பங்குகொள்கிறது. கிருட்டிணபிள்ளை இம்மரபை நன்கு அறிந்தவர். ஆயினும் அவர் காட்டும் மக்கள், இக்கொடுமை கண்டும் மண் பிளக்கவில்லையே, வான் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று அரற்றுகின்றனர். இயற்கை அசையாமல் நிற்பதே அவர்களின் துயரத்தைப் பெருக்குகிறது.

அந்த அமைதிக்கு இயேசுவின் பொறுமையே காரணம் எனக் காப்பியம் உணர்த்துகிறது. உலகு அழியாமல் நிற்பது இறைவன் இல்லாமையைக் காட்டவில்லை. அவர் தண்டிக்காமல் பொறுத்திருப்பதைக் காட்டுகிறது. துன்புறுவோர் எழுப்பும் ‘ஏன் எதுவும் நிகழவில்லை’ என்னும் கேள்வியை மறைக்காமல் மக்கள் வாயிலாகவே ஒலிக்கச் செய்தமை இப்பகுதியின் வலிமை.

சாவின் அருகே பிறக்கும் துணை

சுமை கழன்றபின்னும் பயணியின் துன்பம் தீர்வதில்லை. பனியனின் கதையில் ஏற்றமிகு குன்றும் சாவின் நிழற்பள்ளத்தாக்கும் அதற்குப் பின்னரே வருகின்றன. மாயச் சந்தையில் உடன்வந்த உண்மையாளன் கொல்லப்படுகிறான். தமிழில் நிதானியாக வரும் அவன் பெயரை நினைவூட்டுவதாகவே ஒரு பருவத்தின் பெயரும் அமைந்துள்ளது. அவன் பட்ட பாட்டைக் கண்ட அந்நகரத்தான் ஒருவனே நம்பிக்கையின் பெயர் தாங்கிப் பயணியின் அடுத்த துணையாகிறான். துன்பத்தைக் கண்ட சாட்சியின் உள்ளத்தில் நம்பிக்கை தோன்றுகிறது என்பதே இவ்வுருவகத்தின் பொருள். நம்பிக்கை துன்பத்துக்கு மாற்றாக வருவதன்று. அதன் அருகிலிருந்தே எழுவது.

புதுவாழ்வு என்பது இடர் நீங்கிய வாழ்வு என்னும் எளிய விளக்கத்தை இவ்வமைப்பு ஏற்பதில்லை. மாறுவது வழி அன்று, வழி நடப்பவனின் நிலையே. இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்கள் போன்ற இசைப்பாடல்கள் இந்நிலையை உணர்த்துகின்றன. கதை கூறும் விருத்தங்களிலிருந்து விலகி, தன் குறையை முறையிடும் குரல் அவற்றில் ஒலிக்கிறது. தமிழ்ப் பக்தி மரபு வளர்த்த நெகிழ்ச்சி, புதிய நம்பிக்கையின் மொழியாகிறது. கவிஞர் சமயம் மாறினாலும் முறையிடும் மொழியை விட்டுவிடவில்லை.

முடிவுரை

வடசொற் செறிவும் நீண்ட கொள்கை விளக்கங்களும் இன்றைய வாசகருக்கு இந்நூலைத் தொலைவாக்குகின்றன. எனினும் இதன் பகுதி மேல்நிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றதால், வல்லத்திராக்கோட்டை போன்ற சிற்றூர்களின் மாணவரும் சமய வேறுபாடின்றி இதனைப் பயிலும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. வகுப்பறையில் ஆசிரியர் பெயர், பருவங்களின் எண்ணிக்கை, பட்டப்பெயர் ஆகியவற்றோடு இக்காப்பியம் முடிந்துவிடுமாயின் அதன் மையம் தவறிப்போகும். குற்றமற்றவர் ஏன் துன்புறுகிறார் என்னும் கேள்விக்குத் தமிழ்க் காப்பிய மரபு ஊழ் என்று விடை கூறிவந்த சூழலில், அன்பு என்று மற்றொரு விடையைக் கம்பனின் யாப்பிலேயே கூறியது இந்நூல். இரு விடைகளையும் அருகருகே வைத்துப் பயிற்றுவதே இதற்குரிய வாசிப்பாகும்.